முன்குறி

இடமிருந்து வலமாகத் தட்டவேண்டும்:
பித்தளைக் கம்பி, சின்னச் சுத்தி.
நான்காம் தட்டில் கழன்றது
லீவர் துப்பாக்கியின் பழைய முன்குறி.
கொத்தமல்லி விதையளவு; இடப்பக்கம் கோணல்.

புதியதைக் காடியில் இறுக்கி
நுனியில் நகப்பூச்சு வைத்தேன், சிவப்பு.
கேத்திப் பனியில் பித்தளை தெரிவதில்லை.

கேரட் பாத்திக்கு அப்பால், மண்மேட்டில்
ஹார்லிக்ஸ் டப்பா.
சிவணன் சுட்டார். அசையவில்லை.
மறுபடி.
இரண்டு விரற்கடை இடப்பக்கம்
மண் தெறித்தது.

"கெடுத்துட்டே."

பதினாறு வருஷம்
அது வலப்பக்கம் பொய் சொல்ல
இவர் இடப்பக்கம் பொய் சொல்லி
டப்பாக்கள் விழுந்துகொண்டிருந்தன.

லீவரைத் தள்ளி இழுத்தார். காலித் தோட்டா
என் செருப்பருகே விழுந்து புகைந்தது.
"நேரா பாருங்க" என்றேன்.
எங்கே என்று
என்னைப் பார்த்தார்.