ஃப்ளைவீல்

கோவை பஸ்ஸில் குன்னூர் வந்து இறங்கியது:
பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஒரு மாதமாய் என் ரிமோட் கார்
கத்தும், நகராது.

பழையது இறங்க மறுத்தது.
நட்டைத் திருகினால் தண்டும் கூடவே சுற்றியது.
"ஸ்குரூ டிரைவரைச் சொருகாதே," போனில் பெள்ளிராஜ்,
"மெத்தென்று ஏதாவது கொடு."
இடது ஷூவின் லேஸைப்
பிளக் துளைக்குள் ஊட்டினேன்.
பிஸ்டன் கடித்துக்கொண்டு நின்றது.
நட்டு வந்தது. சக்கரம் வரவில்லை.

கரண்ட் போனது.
எரிபொருள் பாட்டிலை வெளியே மழையில் வைத்துவிட்டு
மெழுகுவர்த்தியைக் காட்டினேன்,
அப்பளம் சுடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி.

டக்.

இந்தச் சின்னச் சத்தத்துக்கா இத்தனை நேரம்.

புதியதை மாட்டி, இறுக்கி,
மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து
இருட்டிலேயே ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன்.
அசையவில்லை.
மறுபடி.
மறுபடி.
பெள்ளிராஜ் தூக்கக் குரலில்:
"லேஸை எடுத்தியா?"

காலை ஒன்பது மணி.
ஏலத்துக்கு முந்தைய ருசி மேசை, நாற்பது கோப்பை.
மூன்றாவதில் நின்றார் ஃபிலோமினா மேடம்,
மூக்கைச் சுளித்து:
"எந்த எஸ்டேட் இது, ஆமணக்கெண்ணெய் வாசம்?"

இடது காலை மெல்ல
நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.