ஒரேயொரு கொப்பு

எங்கள் வீட்டில் இப்போது
கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.
ஸுபஹுக்கு எழும்பினால் இருபத்தாறு வீதம்,
மின்ஹத் பள்ளிக்கூடம் போகையில் முப்பது,
லுஹர் பாங்குக்கு முன்னமே நூறு.
சீருடை மினுக்குவதென்றால் அப்போதுதான்.
உடுப்புக் கழுவுவதும், அரிசி அரைப்பதும்
வெயிலைக் கேட்டுத்தான்.

போன வருசம் இதே வெயில்
சாய்ந்தமருது மணலில் கருவாடு காய்த்துவிட்டு
சும்மா போனது.
என் ஐஸ்பக்கட் பிறீசரோ
ராவெல்லாம் உறுமி
மாசம் பதினோராயிரம் தின்றது.
ஒரு பக்கட் இருபது ரூபா.
எத்தனை பிள்ளைகளின் நாக்குச் சிவந்தால்
ஒரு பில் கட்டலாம் என்று
நித்திரை கெட்டுக் கிடந்தேன்.

முதலில் தகடு மட்டும்தான் போட்டோம்.
எட்டுத் தகடு, வங்கிக் கடன்.
மூன்றாம் நாள் உச்சியில் கரண்ட் போனது.
கூரையில் வெயில் கொதிக்க,
கீழே பேன் செத்துக் கிடக்க,
இவர் ஏணியில் பாதி ஏறி நின்றபடி
கொம்பனிப் பொடியனுக்குப் போன் போட்டார்.
"லைனில கரண்ட் இல்லாட்டி
இதுவும் நிக்கும் காக்கா.
இல்லாட்டி தூணில ஏறுறவனுக்கு அடிச்சிருமே."
இறங்கி வந்து
ஒரு ஐஸ்பக்கட்டைக் கேட்டார்.
அது பாதி தண்ணீராகியிருந்தது.

பிறகுதான் பெட்டறி.
என் சீட்டுக் காசு, முழுதாக.
குசினிச் சுவரில், மா வாளிக்கு மேல்
ஒரு வெள்ளைப் பெட்டி, சின்னப் பச்சை வெளிச்சம்.
வந்த அன்று மின்ஹத் அதற்கு
ஸலாம் சொன்னாள்.

இவருக்குத்தான் பைத்தியம்.
பில் ஆயிரத்தி நூறுக்கு இறங்கிய மாசம்
அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து
மீன் வாங்கப் போன இடத்திலும் காட்டினார்.
கடன் தவணை எட்டாயிரத்து ஐந்நூறு என்பதை
அங்கே சொன்னாரா, தெரியாது.
நடுச்சாமத்தில் எழும்பிப் போனைப் பார்ப்பார்:
"நாற்பத்தி நாலு!
ஆரு பாத்ரூம் லைட்ட நூக்காம வந்த?"

கடலுப்புப் படிகிறது.
காகமும் தன் பங்கைப் போடுகிறது.
வெள்ளிக்கிழமை விடியவே
பழைய சாரம் சுற்றிய தடியால் துடைக்கிறோம்.
துடைத்து என்ன?
மேற்கே ஹிதாயா ராத்தாவின் ஈரப்பலா.
அஸருக்குப் பிறகு அதன் நிழல்
மதிலைத் தாண்டி, ஓட்டில் ஏறி
மூன்று தகட்டில் காலை நீட்டிப் படுக்கும்.
ஒரு கொப்பு. ஒரேயொரு கொப்பு.
நாளுக்கு ஒரு யுனிட் நட்டம், இவர் கணக்கில்.
வெட்டச் சொல்லிக் கேட்கப் போவதும்
ஈரப்பலாக்காய் ஒன்றோடு திரும்பி வருவதுமாக
நாலு மாசம்.

மார்கழி மழை. மூன்று நாள் சூரியன் இல்லை.
ராவு ஒன்பதரைக்கு ஊரே இருண்டது.
எங்களிடம் முப்பத்தொரு வீதம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா:
"அஸ்மிக்கு இழுக்குது புள்ள.
ஆவி புடிக்கிற மெசினுக்கு மட்டும்..."
அவ முடிக்கவில்லை.
இவர் நீட்டு வயரை எடுத்தார்.
நிலத்தில் விட ஏலாது, வெள்ளம்.
மதில் நெடுகப் போத்தல் கண்ணாடி.
டோர்ச்சை நான் பிடிக்க
அந்தக் கொப்புக்கு மேலால் எறிந்தார்.
இரண்டாம் தரம்தான் விழுந்தது.

மெசின் இரையும் சத்தம் வந்தது.
நான் பிறீசரின் பிளக்கைக் கழற்றினேன்.
உள்ளே நூற்றிநாற்பது பக்கட்.
இவர் போனைப் பார்த்தபடியே இருந்தார்.
இருபத்தெட்டு. இருபத்தைந்து.
பாத்ரூம் லைட் எரிந்துகொண்டிருந்தது,
ஒன்றும் சொல்லவில்லை.

மழை விட்ட பிறகும்
வயரைக் கழற்றவில்லை.
மாரி முடியட்டும் என்றார்.
அஸருக்கு வெயில் வந்தது, நிழலும் வந்தது.
இம்முறை வயரின் நிழலும் சேர்ந்து
மூன்றாம் தகட்டில் மெல்லிசாய் ஒரு கோடு.
"அதுக்கு எத்தின யுனிட் போகும்?"
பகிடிக்குத்தான் கேட்டேன்.
போனைத் தடவிக்கொண்டே
கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.