காரணம் என்றொரு பத்தி

இன்று காலை ஹெல்டுர் துளையிட்டு அளந்தான்.
இருபத்து நான்கு சென்டிமீட்டர்.
இரண்டு டன்னுக்கு மேற்படாத எதுவும்
ஹீயுமா தீவுக்குக்
கடலின் மேல் போகலாம்.

கரையில் என் கூண்டு.
ஒரு மின்கணப்பு, ஒரு பேரேடு.
வண்டி எண், ஆட்கள், புறப்பட்ட நேரம்.
கடைசிப் பத்தியில் "காரணம்" என்று அச்சாகியிருக்கிறது.
யார் கேட்கச் சொன்னார்களோ தெரியவில்லை.
யாரும் வந்து படித்ததில்லை,
நான் படிக்கிறேன்.

சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள் என்பேன்.
கதவைப் பூட்டாதீர்கள் என்பேன்.
நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள்,
பிறகு கழற்றுவார்கள்,
பிறகு சிரிக்க மாட்டார்கள்.

வேகம் இருபத்தைந்துக்குக் கீழே இருக்கலாம்.
நாற்பதுக்கு மேலே இருக்கலாம்.
இடையில் ஓட்டினால்
வண்டிக்கு அடியில் ஓர் அலை எழுந்து
கூடவே வந்து பனியை உடைக்கும்.
போன ஞாயிறு பாதிரியார்
இதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டாராம்:
அரைகுறை விசுவாசம் மூழ்கும் என்று.
எனக்குப் பிடிக்கவில்லை.
அது அலை.
அலைக்கு யாரையும் திருத்தும் எண்ணம் கிடையாது.

ஹெல்டுருக்குக் கடவுள் இல்லை.
எழுத்துபூர்வமாகவே இல்லை,
மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குறித்துக் கொடுத்தவன்.
ஆனால் முதல் வண்டியை விடுமுன்
பூட்ஸ் குதிகாலால் பனியை மூன்று முறை தட்டுவான்.
எதற்கு என்றேன்.
"கால் விறைக்குது."
நான்காவது முறை தட்டினால் விறைப்பு போகாதா
என்று கேட்கவில்லை.
எனக்கும் அந்த மூன்று வேண்டியிருந்தது.

காரணங்கள்:
ஞானஸ்நானம்.
பல்.
நாய்க்குட்டி பார்க்க.
சும்மா.
வீடு.
இரவல் வாங்கிய துளைக்கருவியைத் திருப்பிக் கொடுக்க.

கடைசியாகச் சொன்னதை எழுதியவர் ஆர்வோ டாம்மிக்,
பச்சை ஸ்கோடா, தனி ஆள்.
கருவி அண்ணனுடையது,
வாங்கி ஒன்பது வருடம் ஆயிற்று,
பேசியும் அவ்வளவு ஆயிற்று
என்று கேட்காமலே சொன்னார்.
படகு ஓடுகிறதே, உள்ளே சூடாக இருக்கும்,
காபி கூடக் கிடைக்கும் என்றேன்.
"படகில் ஏறினால்
திரும்பிப் பார்க்க ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்" என்றார்.
பின்சீட்டில் பார்த்தேன்.
துளைக்கருவி இருந்தது,
புத்தம்புதிது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்த பெண் எழுதியது
ஒரே வரி: காத்திருக்கிறார்.
எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும்
சொல் ஒன்றுதான்.
கணவனா, மகளா, வங்கி மேலாளரா,
மருத்துவமனைக் கட்டிலில் யாராவதா,
எதுவும் பிடிபடாமல்
இருநூற்றைம்பது மீட்டர் இடைவெளி எண்ணி
அனுப்பிவைத்தேன்.
மொழி சில நேரம் திரைச்சீலை.
தைத்தவர்கள் நினைத்துத் தைத்தார்களா
என்று யோசிப்பேன், பிறகு அடுத்த வண்டி வரும்.

ஒருமுறை ஆளில்லாத மதியத்தில்
என் பெயரையும் எழுதிப் பார்த்தேன்.
காரணம்: சம்பளம்.
அடித்தேன்.
காரணம்: கணப்பு.
அதையும் அடித்தேன்.
அடித்த இடத்தில் காகிதம் மெலிந்து
அடுத்த பக்கம் தெரிந்தது.

மாலை நான்கரைக்கு இருட்டிவிடும்.
போனது நாற்பத்தொன்று. வந்தது நாற்பது.
தீவுப் பக்கக் கூண்டில் லீவி.
வாக்கி டாக்கியில் கேட்டேன், பச்சை ஸ்கோடா?
கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு "வருகிறார்" என்றாள்.

எங்கள் வினைச்சொல்லுக்கு எதிர்காலம் கிடையாது.
வந்துகொண்டிருக்கிறார் என்றாலும் அதுதான்.
நாளை வருவார், வசந்தத்தில் வருவார்,
அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்,
எழுந்ததும் வருவார்
என்றாலும் அதே சொல்தான்.
இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.
லீவி சலித்துக்கொள்ள மாட்டாள்.

ஹெல்டுர் தடுப்புக் கட்டையை இறக்கினான்.
வழிநெடுக நட்ட ஜூனிபர் கிளைகள்
ஒவ்வொன்றாக இருட்டில் போயின.
தூரத்தில் கடல் ஒருமுறை முனகியது,
புரண்டு படுப்பதுபோல.

விளக்கை எரியவிட்டிருக்கிறேன்.
மின்கட்டணம் குறித்து அலுவலகம் கேட்டால்
எழுதிக் கொடுக்க ஒரு பத்தி இருக்கிறது.