விழுங்கும் பயிற்சி

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேசக் கற்றுத்தருவது
என் வேலையில் பாதி.
விழுங்கக் கற்றுத்தருவது மறுபாதி.
இரண்டுக்கும் ஒரே நாக்கு, ஒரே தொண்டை,
சம்பளச் சீட்டில் ஒரே வரி.

க்ரோத்னோவில் நேமன் ஆற்றைப் பார்த்த வார்டு.
காலையில் பட அட்டைகளை அடுக்குகிறேன்:
ஆப்பிள், வாளி, நாரை, டிராலிபஸ்.
முன்பு எண்பத்து நான்கு இருந்தன.
இப்போது எண்பது.
யாரும் வந்து பறிக்கவில்லை,
எடுத்தவள் நான்தான்.
கொடி முதலில் போனது.
அப்புறம் செய்தித்தாள் படிக்கும் மனிதர்,
அப்புறம் மெழுகுவத்தி.
சன்னலை ஏன் எடுத்தேன் என்று கேட்டால்
எனக்கே தெரியாது.
ஒருநாள் மேசையில் இருந்தது,
மறுநாள் இழுப்பறையில்.

ஏழாம் படுக்கை கசிமிர் லுத்விகவிச்.
உரத் தொழிற்சாலையில் வால்வு பழுதுபார்த்தவர்.
நாற்பத்தாறு நாள் வாயில் ஒரு சொல் இல்லை.
மகள் யாத்விகா மாலைதோறும் கெஃபிர் கொண்டுவந்து
அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போவாள்.

நாற்பத்தேழாம் நாள் ஆப்பிளைக் காட்டினேன்.
அவர் ஆப்பிள் என்று சொல்லவில்லை.
அந்தக் கோடையில் பாலத்தின் மேல்
நாங்கள் எல்லோரும் தொண்டை கிழியக் கத்தினோமே,
அதைச் சொன்னார்.
கடினமான மெய்கள் மூன்றும் பிசிறில்லாமல்.
கரண்டியைக் காட்டினேன், அதையே சொன்னார்.
நாரைக்கும் அதுதான்.
டிராலிபஸுக்குச் சத்தமாக.

இதில் அதிசயம் இல்லை.
வசவும் செபமும் ஒன்று இரண்டு மூன்றும்
மூளையில் வேறோர் அறையில் இருக்கும்.
வீடே வெள்ளத்தில் போனாலும் அந்த அறை நனையாது.
அத்தனை முறை கத்தியிருக்கிறோம்,
அது அங்கே போய்ப் படுத்துக்கொண்டது.

எட்டாம் படுக்கைக்காரர் வானொலியைக் கூட்டினார்.
தாதி வந்தாள், எதையும் கேட்கவில்லை,
கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.
அவள் வெளியே போய்ச் சாத்தினாளா
காவலுக்குச் சாத்தினாளா?
இப்போதெல்லாம் இப்படித்தான் யோசிக்கிறேன்,
பத்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளைப் பற்றி.

குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு:
'நோயாளி தாமாகச் சொன்ன முதல் சொல்.'
அந்தக் கட்டத்தை நிரப்பும் நாளில்
கேக் வாங்கிப்போவது என் வழக்கம்.
அன்று எழுதினேன்:
'ஒலி எழுப்புகிறார். பொருள் தெளிவில்லை.'

யாத்விகா படித்தாள்.
'தெளிவில்லையா?' என்றாள்.
அப்பாவின் விரலைப் பிடித்தபடியே
இன்னொரு முறை படித்தாள்.
'அப்படியே இருக்கட்டும்' என்றாள்.
நன்றி சொல்கிறாளா, காறித் துப்புகிறாளா,
குரலில் இரண்டும் இருந்தன.

மதியம் மறுபாதி வேலை.
கெட்டியாகக் காய்ச்சிய பழக்கூழ், அரைக் கரண்டி.
தாடையைத் தாழ்த்துங்கள்.
நிறுத்துங்கள்.
இப்போது விழுங்குங்கள்.
இன்னொரு முறை, வெறும் வாயோடு.
அவர் கூழை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார், வெகுநேரம்.
நான் எச்சிலை விழுங்கினேன்.
என் தாடை தானாகவே தாழ்ந்திருந்தது,
பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள்.
அந்தச் சொல்லை இங்கேயும் நான் எழுதவில்லை,
கவனித்திருப்பீர்கள்.
இதை யார் படிக்கப்போகிறார்கள் என்றுதான்
எழுத உட்கார்ந்தேன்.
யார் படித்துவிடுவார்களோ என்று
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரவு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு
கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.
உதடு குவிந்தது, விரிந்தது.
தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.
நாக்கை நீட்டிப் பார்த்தேன்:
இடம், வலம், மேல், எல்லாப் பக்கமும் அசைகிறது.
நரம்பில் குறையில்லை. தசையில் குறையில்லை.
இதற்குக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

நாளை ஒன்பது மணிக்கு ஏழாம் படுக்கை.
ஆப்பிளைக் காட்டுவேன், அவர் சொல்வார்.
போனதும் முதலில் கதவைச் சாத்த வேண்டும் என்று
இப்போதே நினைத்துக்கொண்டு
படுத்திருக்கிறேன்.