பிறகு நினைவூட்டு

விடிகாலை நாலு பத்துக்கு
ஐந்து ரோடு பாலத்தடியில்
என் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே
எல்லாம் முடிந்திருந்தது.

மருத்துவமனையின் நூற்றுப் பதினேழு திரைகளிலும்
ஒரே கறுப்பு, ஒரே கடிதம்.
பிழையில்லாத, மரியாதையான கடிதம்.
'மதிப்பிற்குரிய நிர்வாகிக்கு' என்று தொடங்கியிருந்தார்கள்.
பதின்மூன்று வருஷத்தில்
என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
இங்கே நான் பிரிண்டர் தம்பி.

டயாலிசிஸில் முதல் ஷிப்ட் வந்து உட்கார்ந்திருந்தது.
ஓமலூர் சின்னபையன்,
வீராணத்திலிருந்து பேசாத ஓர் அம்மா,
மேக்னசைட்டில் ரிட்டையரான செங்கோடன்,
மடியில் துண்டும் பிஸ்கட் பொட்டலமுமாக.
யாருக்கு எவ்வளவு நீர் எடுக்கவேண்டும்,
யார் உடம்புக்கு எந்த ஊசி ஆகாது,
எல்லாம் அந்தக் கறுப்புக்குள்.

சிஸ்டர் ஜெயசீலி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
லாக்கரில் மாற்றுப் புடவைக்கு அடியிலிருந்து
ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார்.
காகிதமில்லா மருத்துவமனை என்று விருது வாங்கிய வருஷம்
சுற்றறிக்கை அடித்தவன் நான்:
நோயாளி விவரத்தைத் தாளில் எழுதுவது குற்றம்.
பென்சிலில், சாய்ந்த எழுத்தில்,
செங்கோடன் ஐம்பத்தாறரை.
சின்னபையன் அறுபத்தொன்று, ஹெப்பாரின் பாதி.
மிஷின்கள் சுற்றத் தொடங்கின.

மூன்றாம் நாள் விசாரணை.
ஏசி, முந்திரி, ஏற்காட்டு எஸ்டேட் காபி.
"யார் திறந்தது?" என்றார் சேர்மன்.
கேள்வியே ஒருமையில்தான் வந்தது.

பில்லிங் கவுண்டர் தில்ஷாத் எழுந்து நின்றாள்.
"ஜவ்வரிசி மில் இன்ஷூரன்ஸ் பில்லுன்னு வந்துச்சு சார்.
ஒரு நாளைக்கு அறுபது வரும்.
திறக்கலைன்னா மெமோ, திறந்தா இப்படி."
ஒப்பந்த ஊழியர். மாதம் ஒன்பதாயிரத்து இருநூறு.
அவள் ஒரு கதவைத்தான் திறந்தாள்.
அவளிடம் இருந்த சாவி எல்லாக் கதவுக்கும் பொருந்தியது.
அப்படிச் செய்து கொடுத்தால்
எனக்கு வேலை மிச்சம்.

ஃபயர்வாலைப் புதுப்பிக்கச் சொல்லி நான் எழுதிய கடிதம்
வரவேற்பறை நீரூற்றின் கொட்டேஷனுக்கு அடியில் கிடந்தது.
நீரூற்று நன்றாக ஓடுகிறது.
மென்பொருள் போட்ட பெங்களூர்க்காரர்கள்
பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுப் போனார்கள்.
தணிக்கையாளர் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தார்,
மலைமேல் அவருக்கு அறை போட்டிருந்தோம்,
இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி ஏறவேண்டும்.
இதையெல்லாம் அந்த மேஜையில் வைத்திருக்கலாம்.
வைத்தால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும்:
அந்தச் சின்னச் சன்னல்
உன் திரையில் எத்தனை முறை வந்தது?

நாற்பத்து மூன்று.
ஓட்டையை அடைக்க இருபது நிமிஷம் கேட்டது,
ஒருமுறை அணைந்து எழவேண்டும் என்றது.
அணைத்தால் கவுண்டரில் சத்தம் போடுவார்கள்.
நாற்பத்து மூன்று முறையும்
'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன்.
சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அது,
நினைவூட்டிக்கொண்டே இருந்தது.
எரிந்ததில் அந்தப் பதிவு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.
பார்த்தேன். எண்ணினேன்.
அழித்தேன்.

தில்ஷாத்தைக் கேட்டில் சோதித்து அனுப்பினார்கள்.
கம்பி வழியாக வந்தவனுக்காக
அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள்.
எலுமிச்சைச் சோறு, பாதி.
நான் மாடிச் சன்னலில் நின்றிருந்தேன்.
அவள் மேலே பார்க்கவில்லை. பார்த்தாளோ என்னவோ.

நோட்டு வைத்திருந்ததற்கு ஜெயசீலிக்கு மெமோ.
அதை அடித்ததும் நான்,
இரண்டு முறை தாள் சிக்கி எடுத்ததும் நான்,
கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்.
நின்றபடியே படித்தார். கையெழுத்திட்டு
அலுவலகப் பிரதியை என்னிடம் தந்தார்.
தன் பிரதியைத் திருப்பினார்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

எடைமேடையில் செங்கோடன் ஏறி நின்றார்.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
ஜெயசீலி எழுதினார்:
ஐம்பத்தாறு. அரை கிலோ குறைவு.
சாப்பிடுகிறாரா, கேட்க.