மேலே போகும் வண்டி

ஒன்பது நாற்பது வண்டிக்கு
ஏழு மணிக்கே சாமான் வரத் தொடங்கும்.
திருத்துறைப்பூண்டியில் சென்னையை
'மேலே' என்போம்.
வரைபடம் அப்படித்தான் சொல்கிறது.

நான் பி.காம். பார்சல் எழுதுகிறேன்.
மாதம் ஒன்பதாயிரம்.

தெர்மாகோல் பெட்டியில் ரத்தம் போகும்.
ஆய்வகத்துப் பையன்
"சாய்ச்சுடாதீங்கக்கா" என்று வைத்துவிட்டு ஓடுவான்.
எங்கள் உடம்புக்கு என்னவென்று
முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி
யாரோ பார்த்துச் சொல்ல வேண்டும்.
காலையில் அதே வண்டியின் வயிற்றில்
போட்டுக் கழித்த சுடிதார்கள்
மூட்டையாக வந்து இறங்கும்.

கச்சனம் பக்கிரிசாமி
சைக்கிளில் ஒரு சிப்பம் தள்ளிக்கொண்டு வந்தார்.
புழுங்கலரிசி, இருபத்தைந்து கிலோ.
பெருங்குடியில் மகன் இளஞ்சேரனுக்கு.
கூலி இருநூற்று எண்பது என்றேன்.
விரல் மடக்கிக்கொண்டே சொன்னார்:

"கொள்முதல் நிலையத்துல பதினோரு நாள் கெடந்தேம்மா,
தார்ப்பாய்க்கு வாடகை குடுத்து.
ஈரம் பத்தொன்பதுன்னான். காயப் போட்டேன்.
மழை வந்து பாத்துட்டுப் போச்சு.
காயப் போட்டேன். மறுபடி பத்தொன்பதுன்னான்.
மூட்டைக்கு நாப்பது ரூவா வச்சேன்,
ஒடனே காஞ்சுபோச்சு."

சிரிப்பார் என்று பார்த்தேன். இல்லை.
மகன் கைபேசி எண்ணைச்
சாக்கிலேயே கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னார்.

நாலாம் நாள் விடியலில்
சிப்பம் திரும்பி வந்து நின்றது.
எடுக்க ஆள் வரவில்லை என்றான் கிளீனர்.
போன் போட்டேன்.
பின்னால் ஹாரன் சத்தம், மூச்சிரைப்பு.
இளஞ்சேரனுக்கு
பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை.
"மூணு நாளா பாக்குறேங்க.
பார்சல் ஆபீஸ் தெறக்குற நேரந்தான் ஆர்டர் கொட்டுது.
ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணா
இன்சென்டிவ் போயிடும்.
அப்பாகிட்ட..."
அதற்குள் ஏதோ ஒரு கதவின் மணியை
அழுத்திவிட்டான். எனக்கே கேட்டது.

திரும்பும் சாமானை மறுபடி நிறுக்க வேண்டும், விதி.
இருபத்து நாலு அறுநூறு.
எலி கடித்ததோ, தையல் விட்டதோ.
பக்கிரிசாமி குனிந்து
சிவப்பு எண்ணை நெடுநேரம் பார்த்தார்.
"மேல போய் வந்தா காஞ்சுடுது போல."

திரும்பு கூலி நூற்று நாற்பது.
எழுதினேன்.
அடித்தேன்.
அவர் சாக்கைச் சைக்கிளில் ஏற்றிக் கட்டும்வரை
பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.
பிறகு மறுபடி எழுதி
என் பணத்தைப் பெட்டியில் போட்டேன்.

கணக்கும்
ஒன்பது நாற்பதில்தான் போகிறது.