எடைமேடை, இரவுப் பணி

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
நூறடியில் எங்கள் எடைமேடை.
பதினோரு மணிக்குமேல் நான்
ஒற்றைக்கண் கொள்ளைக்காரி கார்குழலி,
ஃபோனுக்குள், தட்டச்சில்,
இந்த மீசையோடு.

முதல் மாதம் இப்படித்தான் எழுதினேன்:
"என் வாள் உன் தோளைப் பிளந்தது.
நீ அலறி விழுந்தாய்."
மருத்துவச்சியாக வரும் யாரோ ஒருவர்
கதையை நிறுத்தி, அடைப்புக்குறிக்குள்:
(விழுவதா வேண்டாமா,
அதை என்னிடம் விடுங்க.)

கோபம். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் தக்காளி லாரி ஏறியது.
பலகையில் எண் துடித்தது,
பதினொன்று, பன்னிரண்டு, திரும்பப் பதினொன்று.
"வேகம் எழுதிக்கோ சேட்டா" என்றான் டிரைவர்.
நிலைக்காத எண்ணை நான் எழுதியதில்லை,
எட்டு வருஷமாக.

அன்றிரவு:
"வாளை ஓங்கினேன்.
கை நடுங்கியது. மழையாலும் இருக்கலாம்."
அவ்வளவுதான் அனுப்பினேன்.

எழுதுகிறார், என்றது திரை.
நின்றது.
மறுபடி எழுதுகிறார்.

மருத்துவச்சி விழவில்லை, ஓடவுமில்லை.
விளக்கை என் முகத்தருகே தூக்கிப் பிடித்து
"இந்தக் கண் எப்படிப் போச்சு?" என்கிறாள்.

நான் அதை யோசித்ததே இல்லை.

வெளியே தேங்காய் லாரி
ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்கிறது.